கால்வாசி ரத்தம்

பிலிப்பைன்ஸில் எங்கள் கிம்பால் ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் அர்செனியோவை எல்லாரும் மனோங் செனியோ என்போம். மனோங் என்றால் அண்ணன், மனாங் என்றால் அக்கா. வயதுக்காகச் சொல்வதுதான். மற்றபடி அந்த ஆள்மேல் எனக்கு மரியாதை கிடையாது. தெருவுக்கு இந்தப் பக்கம் என் சாப்பாட்டுக் கடை, எதிர்ப் பக்கம் அவர் கடை. அவர் பேசுவது என் அடுப்படி வரைக்கும் கேட்கும். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

பேச்சு எப்போதும் ஒன்றுதான். உலகத்தில் பிலிப்பினோவைப் போல ஒரு பிறவி கிடையாது. ஜப்பான்காரனுக்கு நெஞ்சில் ஈரம் இல்லை. சீனாக்காரன் கண்ட இடத்தில் துப்புவான். அமெரிக்காக்காரன் பெற்ற தாயை முதியோர் இல்லத்தில் தள்ளிவிடுவான். இந்தியாக்காரனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவர்களில் யாருடைய நாட்டையும் மனோங் செனியோ பார்த்ததில்லை. ஒரே ஒருமுறை கடலைத் தாண்டி பக்கத்துத் தீவில் இருக்கும் பகோலோட் வரை போனார். போக வர வாந்தி எடுத்தார்.

கடைச் சுவர் முழுக்கப் படங்கள். குத்துச்சண்டையில் பட்டம் வாங்கியவர், அழகிப் போட்டியில் கிரீடம் வைத்தவள், இதெல்லாம் சரி, எங்கள் ஆட்கள். அவருக்கு அது போதாது. அமெரிக்காவில் பாடுகிற ஒரு வெள்ளைக்காரப் பையன் இருப்பான். கேட்டால் அவன் தாயின் தாய் நம் நாட்டுக்காரி. நார்வேயில் பனிச்சறுக்கு விளையாடும் ஒருத்தி இருப்பாள். கேட்டால் அவள் தகப்பன் பாதி பிலிப்பினோ.

"பார்த்தியா? கால்வாசிதான் நம்ம ரத்தம். அந்தக் கால்வாசிதான் ஜெயிச்சிருக்கு!" என்பார், கத்திரியை ஆட்டிக்கொண்டு.

"மிச்ச முக்கால்வாசி என்ன பண்ணிச்சு மனோங்? பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்துச்சா?" என்று ஒருநாள் தெருவிலிருந்தே கத்தினேன்.

"லூடி, நீ போய்ச் சட்டியைக் கிண்டு," என்றார்.

போய்க் கிண்டினேன். எனக்கும் பிடிக்காத ஆட்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. மணிலாக்காரர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனால் அதற்குத் தக்க காரணம் இருக்கிறது.

அந்தச் சுவரில் நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில், கண்ணாடிக்கு நேர் மேலே, ஓர் ஆணி உண்டு. முன்பு அதில் அவர் மகள் ஆர்செலின் நர்ஸ் படிப்பு முடித்த படம் தொங்கியது. அர்செனியோ, எவ்லின் என்ற அப்பா அம்மா பெயரை ஒட்டவைத்துப் பிறந்த பெயர் அது. கடைக்கு வருகிறவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்துப் பாராட்டிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும். ஆர்செலின் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனாள். அங்கே சவரி என்ற இந்தியாக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். படம் ஆணியிலிருந்து இறங்கிவிட்டது. ஏதோ ஊரில் கோல்ஃப் விளையாடும் அரைவாசிக்காரன் ஒருவன் அதில் ஏறினான்.

இந்தியாக்காரர்கள் அத்தனை பேருக்கும் எங்கள் ஊரில் 'பம்பாய்' என்றுதான் பெயர். மோட்டார் சைக்கிளில் வந்து வட்டிக்குக் கொடுப்பவன் பம்பாய். குழந்தை அடம் பிடித்தால் மூட்டையில் போட்டுக்கொண்டு போகிறவனும் பம்பாய். அப்படி ஒருவன் மாப்பிள்ளையா என்று மனோங் செனியோ குதித்தார். மாப்பிள்ளையின் முழுப்பெயரைக்கூடக் கேட்கமாட்டேன் என்று காதைப் பொத்திக்கொண்டார்.

குழந்தை பிறந்து நடக்கத் தொடங்கியதும் ஆர்செலின் புருஷனோடு ஊர்த் திருவிழாவுக்கு வந்தாள். திருவிழா அன்று எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் யாரும் நுழைந்து சாப்பிடலாம். பஸ்ஸில் இறங்கிய முன்பின் தெரியாதவனைக்கூட இழுத்துவந்து பன்றிக்கறி போடுவோம். விருந்தோம்பலில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று காலையிலிருந்து அடித்துப் பேசிக்கொண்டிருந்தவர் யார்? இவர்தான். கடையில் கூட்டம். சவரி உள்ளே போனார். ஆர்செலின் வழியெல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பாள் போலும். பெரியவர்கள் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொள்ளும் எங்கள் வழக்கப்படி மாமனார் கைக்காகக் குனிந்தார்.

மனோங் செனியோ கையை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"கையில முடி இருக்கு," என்றார்.

அவ்வளவுதான். குனிந்த மனிதர் குனிந்தபடியே இருந்தார். ஆர்செலின் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு புருஷன் தோளைத் தொட்டாள். இருவரும் வெளியே வந்தார்கள். வீட்டுக்காரி எவ்லின் வீட்டுக்குப் போகும் பின்வாசலில் கரண்டியோடு நின்று அழுதாள். அழுதாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. அவளையும் எனக்கு அன்றைக்குப் பிடிக்கவில்லை.

என் கடையில்தான் சாப்பிட்டார்கள். சவரி எங்கள் ஆட்களைப் போலவே கையால் பிசைந்து சாப்பிட்டார். கருவாட்டைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்ததே, அதை நான் மறக்கவில்லை. அவர் ஊர் தூத்துக்குடி என்று ஒரு துறைமுகமாம், மீன்பிடிக்கிற குடும்பமாம். பம்பாயை அவர் பார்த்ததே இல்லை என்று சொல்லிச் சிரித்தார்.

"உங்க வீட்டுல எங்க பொண்ணை நல்லா வச்சுக்கறாங்களா?" என்று கேட்டேன்.

சவரி தட்டைப் பார்த்தார். ஆர்செலின்தான் சொன்னாள்: "மாமியார் என்னை அடுப்பங்கரைக்குள்ளயே விடல, மனாங் லூடி. நாய்க்கறி திங்கிற சாதியாம் நாம. அவங்க நாகரிகம் ரொம்பப் பழசாம். என் மூக்கைப் பார்த்துட்டு, பிள்ளைக்கு இது வந்துடக்கூடாதுன்னு மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துக்கிட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு கிழம், அந்தப் பக்கம் ஒரு கிழம். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஒரே அச்சில் வார்த்தாற்போல இருக்கிறார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் செய்து வைத்திருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்!

அதற்குப் பிறகு அவர்கள் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குக் குடிபோனார்கள். மகள் இந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்பது மனோங் செனியோவின் சட்டம். எவ்லினுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று, மகளும் பேத்தியும் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட வேண்டும். அதை என்னிடம் மட்டும் சொல்வாள், என் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து கைப்பேசியில் பேத்தியின் படங்களைப் பார்த்துக்கொண்டே. பேத்தி ரெனிட்டா வளர்ந்துவிட்டாள். நன்றாக நீந்துவாளாம்.

போன வருஷம் ஒருநாள் எவ்லின் மூச்சிரைக்க ஓடிவந்தாள். பள்ளிக்கூடங்களுக்கான நீச்சல் போட்டியில் ரெனிட்டா தங்கம் வாங்கியிருக்கிறாள். அந்த ஊர்ப் பிலிப்பினோ சங்கம் படத்தைப் போட்டு, 'தங்கம் வென்ற ரெனிட்டா கோமஸ், நம் நாட்டுத் தாயின் மகள்' என்று எழுதியிருந்தது. தலையில் ரப்பர்த் தொப்பி, கண்ணில் நீச்சல் கண்ணாடி. பெற்றவளே உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

"கோமஸா? அது நம்ம ஊர்ப் பேராச்சே," என்றேன்.

"மாப்பிள்ளை பேரு, மனாங். அவங்க கடற்கரையில எல்லாருக்கும் இப்படித்தான் பேராம். அந்தக் காலத்துல போர்த்துக்கீசியச் சாமியாருங்க வச்சதாம்." எவ்லின் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரருக்குத்தான் இந்தப் பேரும் தெரியாது, பேத்தி பேரும் தெரியாதே."

படக்கடையில் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, புருஷனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "இன்னொருத்தி ஜெயிச்சிருக்காளாம். பாதி நம்ம ரத்தம்," என்று மட்டும் சொன்னாள். வாயில்லாப் பூச்சி என்று நான் நினைத்திருந்தவள்! அன்றைக்குத்தான் அவளை எனக்குப் பிடித்தது.

மனோங் செனியோ கோல்ஃப்காரனைக் கழற்றி ஓரத்துக்குத் தள்ளினார். கண்ணாடிக்கு நேர் மேலே அந்த ஆணியில் ரெனிட்டா ஏறினாள். அன்று முதல் அவர் கடையில் வேறு பேச்சில்லை.

"கோமஸ்! பேரைப் பாரு, அப்பன் எவனோ வெள்ளைக்காரன், ஆனா பொண்ணு நம்ம பேரைத்தான் வச்சிருக்கா. அதுதான் ரத்தம்!"

"கொஞ்சம் கறுப்பா இருக்காளே மனோங்," என்றார் தபால்காரர் டோரிங். ஒருநாள் விட்டு ஒருநாள் சவரத்துக்கு வருகிறவர் அவர்.

"நீச்சல்காரிடா! வெயில்ல கறுத்திருக்கா. உன்னை மாதிரி பொறந்ததுலேருந்தேவா கறுப்பு?"

நான் உண்மையைச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? என் கடைக்கு எதிரிலேயே, திரைப்படக் கொட்டகையில்கூடக் கிடைக்காத வேடிக்கை அது. எவ்லின் மகளுக்கு எழுதினாள்: உன் பொண்ணை அப்பா சுவரில் மாட்டிவைத்து ஊருக்கெல்லாம் காட்டுகிறார், திருவிழாவுக்கு வா, இந்தத் தடவை கையைக் கொடுப்பார். ஆர்செலின் நம்பினாளோ இல்லையோ, வந்தாள்.

திருவிழா அன்று காலை. கடையில் வழக்கம்போலக் கூட்டம். டோரிங் நாற்காலியில் பாதி முகம் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தார். சவரி பெட்டிகளோடு என் கடை நிழலிலேயே நின்றுவிட்டார். "நீங்க போங்க, நான் இங்க இருக்கேன்," என்றார் மனைவியிடம். நான் தாயோடும் மகளோடும் தெருவைக் கடந்தேன். அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் சரி என்று போனேன்.

உள்ளே எவ்லின் பேத்தியைக் கட்டிக்கொண்டாள். பிறகு கழுத்தை நிமிர்த்தி, இத்தனை வருஷத்தில் நான் கேட்காத ஒரு குரலில் சொன்னாள்:

"அர்செனியோ, மேல பாருங்க. இப்ப இவளைப் பாருங்க. ரெனிட்டா கோமஸ். உங்க பேத்தி."

மனோங் செனியோ படத்தைப் பார்த்தார். சிறுமியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சவரக்கத்தி டோரிங்கின் காதுப் பக்கம் அப்படியே நின்றது. டோரிங் மூச்சு விடவில்லை. அந்த முகத்தில் வெட்கம் வரும் என்று நான் காத்திருந்தேன். ஒரு கணம் வரத்தான் பார்த்தது. அப்புறம் பழைய சிரிப்பு வந்துவிட்டது.

"நான் சொன்னேனா இல்லையா?" என்று கடை அதிரக் கத்தினார். "என் பேத்தி! என் தாத்தா இந்தக் கடல்ல மீன் பிடிச்சவரு. அவரு நீச்சல்தான் இவளுக்கு வந்திருக்கு!"

"நீந்தச் சொல்லிக் குடுத்தது அவங்கப்பா," என்றாள் ஆர்செலின். "அவரும் மீன்பிடிக் குடும்பம்தான்."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "யாராவது போனை எடுங்கடா! சுவத்துக்குக் கீழே நின்னு படம் எடுக்கணும். எவ்லின், இங்க வா. ஆர்செலின், நீயும் நில்லு." அப்புறம் தெருவைப் பார்த்தார். பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை கண்ணில் பட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், தாழ்த்தினாலும் எல்லாருக்கும் கேட்டது. "அந்தப் பம்பாய் மட்டும் வேண்டாம். அவன் அங்கேயே நிக்கட்டும்."

பிறகு கையை நீட்டினார். பேத்தி குனிந்து நெற்றியில் ஒற்றிக்கொள்வதற்காக, பெரிய மனுஷத்தனமாக, புறங்கையை மேலே வைத்து நீட்டினார். ரெனிட்டா நல்ல பிள்ளை. தாய் சொல்லிக் கொடுத்திருந்தபடி குனியப் போனாள்.

ஆர்செலின் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம்மா," என்றாள். "தாத்தா கையில முடி இருக்கு."

சவரி குனிந்த அன்றைக்குக் கடையில் இருந்தவர்களில் பாதிப்பேர் இன்றைக்கும் இருந்தார்கள். எல்லாருக்கும் புரிந்தது. நீட்டிய கையை மனோங் செனியோ பார்த்துக்கொண்டார். உண்மையிலேயே அதில் முடி ஒட்டியிருந்தது, டோரிங்குடைய நரைமுடி.

அதற்கப்புறம் அவர் செய்த காரியம் யாரும் எதிர்பார்க்காதது. கத்தவில்லை. மூலையில் இருந்த குழாயடிக்கு அவசர அவசரமாகப் போனார். சோப்பை எடுத்துக் கையைத் தேய்த்தார். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தார். "இரு, இரு, கழுவிட்டு வர்றேன்," என்று எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

எவ்லின் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நாங்கள் நாலு பேரும் தெருவைக் கடந்து வந்தோம். அவர் துடைத்துக்கொண்டு திரும்பியபோது பாதி முகம் சவரம் செய்த டோரிங்தான் எதிரே இருந்தார். அந்த ஆளுக்கு என்ன தோன்றியதோ, நீட்டிய ஈரக் கையைப் பார்த்துவிட்டு, "மிச்சத்தை எடுத்துவிடுங்க மனோங்," என்றார்.

எவ்லின் ஆசைப்பட்ட சாப்பாடு என் கடை மேசையில்தான் நடந்தது. பன்றிக்கறி, கருவாடு, தீய்ந்துபோன குழம்பு. சவரி இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டார். அவர்கள் பெர்த்துக்குத் திரும்பியபோது எவ்லினும் கூடப் போனாள். இன்னும் வரவில்லை.

அந்த ஆணி சும்மா இருக்கும் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு மனோங் செனியோவைத் தெரியாது. ஒரே வாரத்தில் ஒரு பாட்டுக்காரன் ஏறிவிட்டான். அவன் கொள்ளுப்பாட்டி நம் நாட்டுக்காரியாம், அரைக்கால் ரத்தமாம். பேச்சும் பழையபடி தெருவைத் தாண்டி வருகிறது. ஒன்றுதான் புதுசு. ஒவ்வொரு தலையும் முடிந்ததும் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுகிறார். கழுவிவிட்டு வாசலில் வந்து நின்று, காயும்வரை தெருவைப் பார்க்கிறார்.