எலி கடித்த பந்து

அறுபத்தைந்தா, அறுபத்தாறா என்று இப்போது சரியாகச் சொல்ல வரவில்லை. இலங்கையில், மாத்தளைப் பக்கம் உக்குவளைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு வயது பத்தொன்பது. அப்பாவும் நானும் ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவிப் பால் வெட்டுகிறவர்கள். விடியும்போதே பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்துவிட்டு, ஆளுக்கு இருநூறு மரம் வெட்டி, பாலை எடுத்துக் கொட்டகையில் ஊற்றிவிட்டால் அப்புறம் பின்னேரம் நம்முடையது. என் பின்னேரம் முழுக்கப் பந்துதான்.

பீற்றிக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள், நான் நன்றாகவே ஆடுவேன். இடது காலால் நான் அடித்தால் பந்து வெளியே போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு உள்ளே திரும்பும். உக்குவளையில் சில்லறைக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் டவுன் டீமை நடத்திவந்தார். எங்கள் தோட்டத்திலிருந்து என்னையும், எங்கள் லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பிரா அறையில் இருந்த என் கூட்டாளியையும் மட்டும் அதில் சேர்த்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் பூட்ஸ் கிடையாது, வெறுங்கால்தான்.

நானாவின் மச்சான் கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலை செய்தார். அந்தக் கம்பெனிக்குச் சொந்தமாக உதைபந்தாட்ட டீம் இருந்தது. நன்றாக ஆடுகிறவனுக்கு ஸ்டோரில் வேலையும் படுக்க இடமும் கொடுப்பார்கள். அந்த டீம் மாத்தளைக்கு வந்து எங்களோடு ஆடப்போகிறது, ஆள் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நானா சொன்னார். பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்களுக்கு அப்போது பிரஜாவுரிமை கிடையாது. அரசாங்க உத்தியோகத்தைக் கனவிலும் நினைக்க முடியாது. லயத்தைவிட்டு வெளியேற எனக்கு இருந்த ஒரே வழி என் இடது கால்தான்.

வந்தவர்கள் பின்னேர ரயிலில் திரும்பவேண்டும் என்பதால் ஆட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்துவிட்டார்கள். அதுவும் வேலை நாளில். பந்தாட என்று லீவு கேட்டால் கொடுக்கமாட்டார்கள். தொழிற்சங்க விஷயத்தில் வாய் கொடுத்ததற்காக அப்பாவைத் தோட்டத்துரை ஏற்கெனவே ஒருமுறை எச்சரித்திருந்தார். இன்னொரு குற்றம் என்றால் பத்துச்சீட்டு, அதாவது வேலையும் போகும், காம்பிராவைவிட்டுக் குடும்பத்தோடு இறங்கவும் வேண்டும். அதனால் நான் அன்று விடியற்காலையிலேயே டிஸ்பென்சரி வாசலில் போய் நின்றேன்.

டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அழுகிற பிள்ளைகளை அவர் பேரைச் சொல்லித்தான் அடக்குவார்கள். வயிற்றுவலி என்றேன். வயிற்றை இரண்டு இடத்தில் அமுக்கிப் பார்த்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார், ஒரு நாள் சுகமில்லைத் துண்டு எழுதித் தந்தார். கூடவே ஒரு போத்தல் கசப்பு மருந்து. அதை வழியில் ஒரு மரத்தடியில் ஊற்றிவிட்டு, கூட்டாளியோடு குறுக்குப் பாதையில் மாத்தளைக்கு இறங்கினேன். அவன் அதற்கு முந்தின நாளே கல்யாண வீடு என்று சொல்லி லீவு எடுத்திருந்தான். பொய்யில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்.

முதல் பாதியில் நான் ஒரு கோல் அடித்தேன். இடைவேளையில் நானா என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"மகன், ஒங்கட ஆட்டம் அவங்களுக்கு நல்லாப் புடிச்சிட்டு. வாற மாசம் ஒண்டாந்தேதி கொழும்புக்கு வரச்சொல்றாங்க. பெட்டி மட்டும் கொண்டு வந்தாக் காணும்."

எனக்குச் சொந்தமாகப் பெட்டியே கிடையாது என்பதுதான் அப்போது எனக்கு வந்த முதல் யோசனை.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, தலையால் அடிக்க எம்பினேன். இறங்கினது இன்னொருவனுடைய பூட்ஸ் மேல். வெயில் நாளில் ரப்பர் விதை வெடிக்குமே, அதுபோல ஒரு சத்தம் என் இடது கணுக்காலுக்குள் கேட்டது. கொழும்புக்காரர்கள் பார்க்கிறார்களே என்று, சிரித்துக்கொண்டே எழுந்து மிச்ச நேரமும் ஓரத்தில் நின்றேன். அவர்கள் ரயிலுக்குப் போனபிறகுதான் உட்கார்ந்தேன். கால் அதற்குள் பலாக்கொட்டைபோல வீங்கிப் பளபளத்தது.

நானா அங்கேயே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். நான் மாட்டேன் என்றேன். மாவுக்கட்டுப் போட்டால் நாளைக்குப் பெரட்டில் அதை எங்கே ஒளிப்பது? வயிற்றுவலிக்காரனுக்குக் கால் எப்படி உடைந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? என் கூட்டாளி என்னைப் பாதி தூரம் முதுகிலும் பாதி தூரம் தோளிலும் தாங்கி வீட்டில் கொண்டுவந்து சேர்த்தான்.

அப்பா காலைப் பார்த்தார். பிறகு வாசலைச் சாத்தினார்.

"யாருக்கும் மூச்சு விட்றாத. சுளுக்குத்தான். பத்து நாளு பல்லக் கடிச்சிக்க, அப்பறம் நீ கொழும்புக்குப் போயிருவ."

அம்மா மஞ்சளும் நல்லெண்ணெயும் காய்ச்சி ஊற்றி, ஆமணக்கு இலையை வாட்டி வைத்துக் கட்டினார். மழைக்காலம், அட்டைத் தொல்லைக்கு எல்லோருமே காலில் துணி சுற்றித்தான் மலைக்குப் போவோம். அந்தத் துணிக்குள் கட்டு மறைந்துவிட்டது. அடுத்த நாள் பெரட்டில் இரண்டு காலையும் ஊன்றி நேராக நின்றேன். கணக்கப்பிள்ளை பேர் வாசிக்க எடுத்துக்கொண்ட நேரத்தை என் ஆயுளில் வேறெதற்கும் ஒப்பிடமாட்டேன்.

அப்பா தன் மரங்களை ஓட்டமும் நடையுமாக வெட்டி முடித்துவிட்டு எனக்குப் பிரித்துக்கொடுத்த மலைக்கு வந்து பாதி மரங்களை வெட்டிக் கொடுப்பார். மிச்சப் பாதியை நான் மரத்துக்கு மரம் கட்டிப்பிடித்துக்கொண்டு வெட்டினேன். இப்படி ஒன்பது நாள். வலி குறைகிறது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பினார், அல்லது நம்பவேண்டும் என்று நினைத்தார். பத்தாம் நாள் பால்வாளியோடு சரிவில் விழுந்தேன். கணக்கப்பிள்ளையின் கண்ணெதிரிலேயே விழுந்தேன். பால் முழுக்க மண்ணில் போனது.

சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனார்கள். அப்பா தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் வந்தார். டிஸ்பென்சர் ஐயா தூக்கி வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, துணியை அவிழ்த்தார்.

"எப்ப உடைஞ்சது?"

"இப்பத்தாங்கய்யா. மலையில விழுந்து."

"இப்ப உடைஞ்ச கால் பச்சையும் மஞ்சளுமாய்க் கிடக்காது. பந்தடிக்கப் போன அண்டு உடைஞ்சதோ?"

அவர் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் தேவலை.

"வயித்துவலிக்காரன் ரண்டு காலுக்கும் எண்ணெய் பூசிக்கொண்டு வருவானோ? எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுதான் துண்டு தந்தனான். பின்னேரம் வந்து உண்மையைச் சொல்லியிருந்தால், லயத்துப் படியிலை வழுக்கி விழுந்தவன் எண்டு எழுதி மாத்தளைக்கு அனுப்பியிருப்பன். ஆறு கிழமையிலை எழும்பியிருப்பாய்."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஐயாவுக்குத் தெரியும்னு எங்களுக்குத் தெரியாதுங்களே" என்றார். அதைத் திரும்பத் திரும்ப மூன்று நான்கு தடவை சொன்னார். டிஸ்பென்சர் ஐயா இப்போது எழுதினது, மலையில் வேலை செய்யும்போது விழுந்தான் என்று. அதனால் எங்கள் வேலையும் போகவில்லை, காம்பிராவும் போகவில்லை.

போனது கால் மட்டும்தான். பெரியாஸ்பத்திரியில், எலும்பு கோணலாக ஒட்டத் தொடங்கிவிட்டது என்று திரும்ப உடைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். நடக்கலாம், ஓட முடியாது என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர் அதை எனக்குத் தமிழில் சொல்ல வந்தார். விளங்கிவிட்டது என்றேன். கட்டு அவிழ்த்தபோது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது, குதிகால் நிலத்தில் படவில்லை. அப்பா என் கட்டிலருகே உட்கார்ந்து, "ஒங்கால ஒடச்சது நாந்தான்டா" என்று அழுதார். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வயதில் அவ்வளவு கல்நெஞ்சு. அதை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஒருநாள் நானா வந்தார். கொண்டுவந்த தோடம்பழத்தை உரித்துக்கொண்டே இருந்தார், தின்னக் கொடுக்க மறந்துவிட்டார்.

"மகன், கொழும்புல இனியும் பாத்துட்டு இருக்க ஏலாதாம். ஒங்கட கூட்டாளிய அனுப்பவான்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

அனுப்புங்கள் நானா என்று, ஏதோ தியாகிபோலச் சொன்னேன். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் உண்மையான சோதனை ஆரம்பித்தது. எங்கள் லயத்துப் பையன்களுக்கு இருந்தது ஒரே ஒரு தோல் பந்து. அது எப்போதும் எங்கள் காம்பிராவில்தான் இருக்கும். பூஞ்சணம் பிடிக்காமல், எலி கடிக்காமல் இருக்க, அடுப்புக்கு மேலே கம்பியில் உயரக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். எண்ணெய் தடவுவது, லேஸ் கட்டுவது எல்லாம் என் வேலை. நான் நொண்டியாகத் திரும்பிய பிறகும் மரியாதைக்காக அதை யாரும் வேறிடத்துக்குக் கொண்டுபோகவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் கூட்டாளி வாசலில் வந்து நிற்பான். "பந்தத் தாறியாடா?" என்பான். கொழும்புக்குப் போகும்முன் பழகவேண்டும் அல்லவா? எடுத்துக் கொடுப்பேன். கீழே மைதானத்தில் பந்து உதைபடும் சத்தம் எங்கள் காம்பிராவரை கேட்கும். காதைப் பொத்திக்கொள்வேன். அவன் கால் உடையட்டும் என்று சாமியிடம் கேட்டிருக்கிறேன். பாதி வழி என்னை முதுகில் சுமந்தவனுக்காக நான் வைத்த வேண்டுதல் இதுதான்.

ஒருநாள் பகல் அப்பாவும் அம்மாவும் மலைக்குப் போனபிறகு, என் பால்வெட்டுக் கத்தியை எடுத்தேன். பந்தைக் கீழே இறக்கி மடியில் வைத்து, தோலையும் உள்ளே காற்று நிற்கும் பிளேடரையும் சேர்த்துக் கிழித்தேன். காற்று போகிற சத்தம் நின்றதும் கத்தியைத் துடைத்துவைத்தேன். பின்னேரம் அவன் வந்தான். வேறு மூன்று நான்கு பேரும் கூட வந்திருந்தார்கள்.

"எலி கடிச்சிருச்சி" என்றேன்.

வந்தவர்கள் எல்லோரும் பால் வெட்டுகிறவர்கள். பால்வெட்டுக் கத்தி போன இடம் எப்படி இருக்கும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஓரத்தில் பட்டை சீவியதுபோல் தோல் சுருண்டிருந்தது. எலி எட்டாத கம்பியையும் ஒருவன் அண்ணாந்து பார்த்தான். என் கூட்டாளி கிழிசல்மேல் கட்டைவிரலை ஓட்டினான்.

"எலியா? சரி" என்றான். கிழிந்த பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதன் பிறகு அவர்கள் ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிச் செய்த ரப்பர் உருண்டையில் ஆடினார்கள். சிரட்டையில் காய்ந்து ஒட்டிய பாலை உரித்தெடுத்துச் செய்வது அது. கல்லாட்டம் கனம், எங்கே துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு கிழமை அவன் அதில்தான் பழகினான். என் வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. கேட்டபோது வலித்த அந்தச் சத்தம் கேட்காமல் இருந்தது அதைவிட வலித்தது.

கொழும்புக்குப் போக முந்தின நாள் பகல் அவன் வந்தான். கையில் பந்துத் தோல், மெழுகு பூசிய நூல், கோணி ஊசி. பிளேடரை உக்குவளை சைக்கிள் கடையில் ஒட்டிக் கொண்டுவந்திருந்தான். எல்லாவற்றையும் என் முன்னால் வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"நான் தச்சா பிரிஞ்சிரும். ஒங்கையிதான் நிக்கும்" என்றான்.

எனக்கு அடக்க முடியவில்லை. "எலி இல்லடா. நாந்தான்" என்றேன்.

"தெரியும். ஊசிய எடு."

தைத்தேன். அவன் தோலை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். பாதியில் எனக்குக் கண் மறைத்து ஊசி அவன் விரலில் ஏறியது. அவன் விரலைச் சூப்பிக்கொண்டு, "இதுக்கும் எலியச் சொல்லிறாத" என்றான். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் சிரித்தேன், அழுதுகொண்டே. தைத்து முடித்துக் காற்றடித்ததும் அவன் பந்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவனே எக்கி நின்று பழைய கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். நாளையிலிருந்து பையன்கள் இங்கேதான் வந்து கேட்பார்கள் என்றான்.

அவன் கொழும்பில் நான்கு வருடம் ஆடினான். பிறகு ஒப்பந்தப்படி அவன் குடும்பத்துக்கு இந்தியா என்று அரசாங்கக் கடிதம் வந்து, கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்கு ரயிலேறினார்கள். இரண்டு கடிதம் போட்டான், அப்புறம் ஒன்றும் வரவில்லை. நான் பாற்கொட்டகையில் ரப்பர் ஷீட் உருட்டும் மெஷினில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டே முப்பது வருடம் நின்றேன்.

மழை பிடித்தால் கணுக்கால் இப்போதும் குடையும். என் குற்றம் தெரிந்தும் எனக்காக எழுத டிஸ்பென்சரியில் ஒருவர் காத்திருந்தாரே, அவர் வாசல்வரை போய் "ஐயா, நான் பொய் சொன்னேன்" என்று சொல்லப் பயந்த அந்த ஒரு பின்னேரம்தான் உள்ளே இருந்து வலிக்கிறது.