போர்டிகோவின் மூன்று முட்டுகள்

எங்கள் பள்ளியில் யாராவது வீடு கட்டத் தொடங்கினால், ஓய்வு நேரத்தில் என்னிடம் வந்து உட்காருகிறார்கள். சூலூரில் சொந்த வீடு கட்டி முடித்தவள் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. சிமெண்டில் கலப்படம் இருக்குமா, பூச்சில் மயிரிழை போல வெடித்திருக்கிறதே, மேஸ்திரி இரண்டு நாளாக வரவில்லையே என்று கேட்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புகிறேன். பெரும்பாலும் அது உண்மைதான். நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. பயப்படாத ஒன்றுதான் நடந்தது. அதில் என் மகளை இழந்திருப்பேன்.

வீட்டு வேலை நடந்த மாதங்களில், பள்ளி விட்டதும் நேராக மனைக்குத்தான் போவேன். இரண்டு செங்கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பேன். மணலை உள்ளங்கையில் தேய்த்து மண் ஒட்டுகிறதா என்று பார்ப்பேன். மேஸ்திரிக்கு ஏறக்குறைய என் வயதுதான். என்னைக் கண்டதும் கரண்டியை நிறுத்துவார்.

"வந்துட்டாங்க டீச்சர். டேய், செங்கல்லையெல்லாம் வரிசையா நிக்க வெய்யுங்கடா, மார்க் போடுவாங்க."

கூடத்துச் சுவரில் பூச்சு வெடித்திருந்ததைக் காட்டி ஒருநாள் அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார்.

"வெயில்ல பூச்சு சீக்கிரம் காஞ்சா இப்படித்தானுங்க கோடு விழும். சுவத்துல ஒண்ணுமில்லீங்க. கோட்டோட ரெண்டு முனையிலயும் குறி வெச்சுப்போடுங்க. ஒரு மாசத்துல குறியத் தாண்டுச்சுன்னா என்னையத் திட்டுங்க."

குறி வைத்தேன். கோடு தாண்டவில்லை. அப்படியே ஒவ்வொரு பயமாகக் கழிந்தது.

வீட்டின் முன்னால் போர்டிகோ தூணில்லாமல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் ஆசை. அப்போது சூலூரில் புதிதாக எழும்பிய வீடுகளில் அப்படித்தான் வைத்தார்கள். அதற்கு மட்டும் கான்கிரீட் கடைசியாகத்தான் போட முடிந்தது. வைகாசியில் பால் காய்ச்சாவிட்டால் ஆனி, ஆடி இரண்டும் போய் ஆவணி வரை காத்திருக்க வேண்டும். வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. வைகாசியின் கடைசி முகூர்த்தத்துக்கு நாள் குறித்தோம். அந்த நாளில் போர்டிகோவுக்கு வயது பன்னிரண்டு நாள்.

மேஸ்திரி கான்கிரீட்டைத் தாங்கிய பலகைகளைப் பிரித்துவிட்டு, முன்விளிம்பைத் தாங்கும்படி மூன்று சவுக்குக் கம்புகளை மட்டும் முட்டுக் கொடுத்து விட்டிருந்தார்.

"இதுகள அசைக்காதீங்க டீச்சர். தூணில்லாம நிக்கறதுங்க. பின்னால சுவத்து மேல கைப்பிடிச் சுவர் கட்டிப் பாரம் ஏத்தி, இருபத்தெட்டு நாள் ஆகட்டும். நானே வந்து எடுக்கறனுங்க."

கேட்டேன். தலையாட்டினேன். விசேஷத்துக்கு முதல் நாள் மாலை பந்தல்காரர்கள் வாழை மரம் கட்ட வந்தபோது, அந்த மூன்று கம்புகளும் சிமெண்ட் கறையோடு வாசலை மறித்து நின்றன. மறுநாள் காலையில் என் அண்ணன் மேளத்தோடு சீர்த் தட்டு எடுத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் வருவார். பின்னாலேயே ஊர் உறவு முழுவதும் வரும். வேலை முடியாத வீட்டில் பால் காய்ச்சுகிறாள் என்று அண்ணி சொல்வது எனக்குக் காதிலேயே கேட்டது. மேஸ்திரி ஒரு கல்யாணத்துக்காகப் போத்தனூர் போயிருந்தார்.

"இதுகள எடுத்து ஓரமாப் போட்டுருங்க" என்றேன்.

எடுத்துப் போட்டார்கள். வாசல் அழகாக இருந்தது. போர்டிகோ அப்படியே நின்றது. மறுநாள் பசுவும் கன்றும் அதன் கீழாக உள்ளே போயின. சீர் வந்தது. பால் பொங்கியது. பதினொரு மணிக்கு எல்லோரும் பின்பக்கப் பந்தலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு வயதான என் மகள் மட்டும் போர்டிகோவில், வருகிறவர்களுக்குச் சந்தனமும் கல்கண்டும் கொடுக்கும் மேஜையின் பின்னால், பட்டுப்பாவாடையில் நின்றிருந்தாள்.

மேஸ்திரி அப்போதுதான் வந்தார். கட்டியவருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுக்க நான் தட்டோடு வாசலுக்கு வந்தேன். அவர் தட்டைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "முட்டு எங்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஓடிப்போய், மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். மேஜை சாய்ந்து கல்கண்டு சிதறியது. அவள் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள், காய்ந்த தென்னை மட்டையை ஒடிப்பது போல ஒரு சத்தம். போர்டிகோ சுவரை ஒட்டிய இடத்தில் பிளந்து, முன்பக்கம் மடங்கி, கம்பியில் தொங்கியது. அதன் விளிம்பு மேஜையை நசுக்கியிருந்தது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். கண் பட்டுவிட்டது என்றாள் அண்ணி. அண்ணன் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தார்.

"கம்பியில கை வெச்சுட்டியாடா? எத்தனை கம்பிய முழுங்குனே?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

"உடுங்கண்ணா. முட்டுக் கம்ப எடுக்கச் சொன்னது நானுங்க" என்றேன்.

அண்ணன் கையை எடுத்தார். மேஸ்திரி சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"செங்கல்லத் தட்டிப் பார்த்தீங்க, மணலத் தேச்சுப் பார்த்தீங்க. செரி, புள்ளைக்குத் தண்ணி குடுங்க மொதல்ல" என்றார்.

தொங்கியதை உடைத்து எடுத்துவிட்டு அவரே மறுபடி கட்டிக் கொடுத்தார். இந்த முறை தூணே வைத்துவிடுங்கள் என்று நான் கேட்டேன். இரண்டு தூண்கள் வைத்தார். முட்டு எடுத்த நாளில் என்னைக் கூப்பிட்டு, தன் கண் முன்னால் அதன் கீழே நடக்கச் சொன்னார். நடந்தேன்.

வீடு கட்டுகிறவர்கள் கேட்கும்போது மற்றக் கவலைகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று சொல்கிறேன். எந்த முட்டுக் கம்பை என்றைக்கு எடுப்பார் என்று மேஸ்திரியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நல்ல நாள் வந்துவிட்டால், மாவிலைத் தோரணத்தை அந்த முட்டிலேயே கட்டுங்கள். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். காற்று வருகிறது என்று போர்டிகோவில்தான் நாற்காலி போட்டுப் படிப்பாள். உள்ளே வேலையாக இருந்தாலும் எனக்குக் கை ஓடாது.

"உள்ள வந்து படி கண்ணு, கொசு கடிக்கும்."

"காலைல பத்து மணிக்கு என்ன கொசும்மா? ரெண்டு தூணும் இங்கதான் நிக்குது, எங்கயும் போகல" என்பாள், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல்.

நான் வெளியே எட்டிப் பார்த்து, தூண்களை எண்ணிவிட்டு உள்ளே போகிறேன்.