பஸ்ஸில நான் போட்ட சத்தம்

இத எழுதாமலே விட்டிருப்பன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில நாலாம் வகுப்போட ஓடினவன் நான். எழுத்துப் பிழை பாத்துச் சிரிக்க அன்ரிமார் காத்துக்கொண்டு நிப்பினம். ஆனா உண்மையான காரணம் அது இல்ல. இந்தக் கதையில என்னை நல்லவனாக் காட்ட ஏலாது.

நான் ஹை ஸ்கூல் படிச்சது இங்க வெளிநாட்டில, வெரிபீ பக்கம். வகுப்பில ஒரே ஒரு யூதப் பெடியன். முதல் ரெண்டு வருசமும் ஸ்கூல் பஸ்ஸில எல்லாரும் சிரிச்சது அவனைப் பாத்து இல்ல, என்னைப் பாத்துத்தான். அம்மா கட்டித் தந்த புட்டும் மீன் குழம்பும் மணக்க, மூக்கைப் பொத்துவாங்கள். நானும் சேந்து சிரிப்பன். வேற என்ன செய்யிறது?

பிறகு ஒரு கிழமை, வரலாற்றுப் பாடத்தில யூதச் சனத்தை அறையில பூட்டி நச்சுக் காஸ் விட்டுச் சாக்காட்டின கதையைப் படிப்பிச்சினம். அண்டைக்குப் பின்னேரம் அவன் பஸ்ஸில ஏற, நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு "ஸ்ஸ்ஸ்" எண்டு காஸ் திறக்கிற சத்தம் போட்டன். பஸ் முழுக்கச் சிரிப்பு.

"இன்னொருக்கா செய்யடா."

செய்தன். ஒரு டேர்ம் முழுக்கச் செய்தன். அவன் குனிஞ்சு, அவிழாத சப்பாத்துக் கயித்தக் கட்டிக்கொண்டே இருப்பான், இறங்குமட்டும். அதுக்குப் பிறகு என்ர சாப்பாட்டுக்கு ஒருத்தனும் மூக்கைப் பொத்தேல்ல. சத்தியமாச் சொல்லுறன், எனக்கு அப்ப நிம்மதியா இருந்தது.

இப்ப ரெண்டு பேரும் ஒரே இன்டோர் கிரிக்கெட் டீம். போன வருசம் ஆள் குறையுதெண்டு ஆரோ அவனைக் கூட்டிக்கொண்டு வந்தது. என்னைக் கண்டு சிரிச்சுக் கை தந்தான். பழைய கதை எடுக்கேல்ல. மறந்திட்டான் எண்டு நினைக்க எனக்கு வசதியா இருந்தது.

ஈஸ்டருக்கு முதல் ஃபாதரிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனனான். அம்மாக்குப் பொய் சொன்னது, பூசைக்குப் போகாதது, இதுகளுக்கு நடுவில "பள்ளிக்கூடத்தில ஒருத்தனைப் பகிடி பண்ணினனான்" எண்டு மெல்லமாச் செருகினன்.

"வேற என்ன தம்பி?"

"அவ்வளவுதான் ஃபாதர்."

மூண்டு தரம் அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். ஓடுற ஓட்டத்தில சொல்லி முடிச்சன்.

போன கிழமை அவனிட்ட இருந்து மெசேஜ். "எங்கட பெரிய உபவாச நாள் வருது. இந்த வருசம் உன்னை நோகப் பண்ணியிருந்தா மன்னிச்சுக்கொள்." அந்த நாளுக்கு முதல், நோகப் பண்ணின ஆக்களிட்டயே நேர மன்னிப்புக் கேக்கிறது அவங்கட முறையாம்; தெரிஞ்ச எல்லாருக்கும் அனுப்பினதுதான். ஒருக்கா என்னை ரன் அவுட் ஆக்கினதத் தவிர அவன் எனக்கு ஒண்டும் செய்யேல்ல. அதையே பகிடியா எழுதத் தொடங்க, கை நிண்டிட்டுது.

ஞாயிறு பூசையில சிலுவையைப் பாத்துக்கொண்டிருந்தன். அதில தொங்குறவரும் அவனைப் போல யூதச் சனத்து ஆள்தானே. அண்டைக்கு அந்த பஸ்ஸில அவர் ஏறியிருந்தாலும் அதே சத்தத்தைத்தான் போட்டிருப்பன். நற்கருணை வாங்க எல்லாரும் எழும்ப, நான் எழும்பேல்ல. அம்மா முழங்கையால இடிச்சா. "வயித்துக்க ஏதோ செய்யுதம்மா" எண்டன். அதுவும் பொய்.

கோயில் கார் பார்க்கில நிண்டு அவனுக்கு எழுதினன்: "அந்தக் காஸ் சத்தத்தத் தொடங்கினது நான்தான். பகிடி எண்டு சொல்லித் தப்ப மாட்டன். என்னை மன்னிப்பியோ?"

பின்னேரம்தான் பதில் வந்தது: "என்ர பங்குக்கு மன்னிச்சிட்டன்டா, ஆனா பின் சீட்டில என்ர தங்கச்சியும் இருந்தவள், அவளிட்ட நீதான் கேக்கோணும்."