எழுத்து அழிந்த இரண்டு பட்டன்கள்

அந்தக் கீபோர்டில் இரண்டு பட்டன்களில் மட்டும் எழுத்து அழிந்திருக்கும். கண்ட்ரோல் ஒன்று, சி ஒன்று. அழுத்தி அழுத்தித் தேய்த்தவர், ஹட்டன் அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் இருந்த, மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் அக்கா. தேயிலைத் தொழிற்சாலையின் கணினிக்குள் இங்கிருந்தே நுழைந்து, அன்றைய கொழுந்து நிறையை எடுப்பது அவர் வேலை. நுழைவது சுலபம், வெளியே வருவதுதான் பெரும்பாடு. எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும், தானாக நிற்காது. கடைசி நிறை வந்ததும் அந்த இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் விடும். அழுத்தாமல் மூடினாலோ தொழிற்சாலைக் கணினி பூட்டிக்கொள்ளும். மறுநாள் கொழுந்து நிறுக்க முடியாது. அதற்காகவே காத்திருந்து ஐந்து மணி பஸ்ஸை விட்டுவிடுவார். வீடு சேரும்போது மகள் பக்கத்து வீட்டில் தூங்கிப்போயிருப்பாள். "எம் புள்ள முழிச்சிருந்து நான் பாக்குறது ஞாயித்துக்கெழம மட்டுந்தான் தம்பி" என்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் இல்லாமலே எல்லாம் நடக்க, கணினி தானே ஒவ்வொன்றாகச் செய்யும் கட்டளைகளாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். முடிவில், அந்தப் பட்டன்களை அழுத்தும்போது திரையில் தெரிகிற மாதிரியே, கூரைபோல ஒரு குறியையும் சி எழுத்தையும் அனுப்பச் சொன்னேன். அடக் கடவுளே! அவை வெறும் எழுத்துகளாகப் போய் விழுந்தன. எண்கள் பாட்டுக்கு ஓடின. பதறிப்போய் அக்கா பட்டன்களை அழுத்த, செத்தது என் ஸ்கிரிப்ட்; குறி போய்ச் சேராமல் தொழிற்சாலைக் கணினி பூட்டிக்கொண்டது. அந்த இரண்டு பட்டன்களும் சேர்ந்து அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைக் குறி என்று பிறகுதான் விளங்கியது. ஸ்கிரிப்டில் அதை அனுப்பச் சொன்னதும் மிஷின் சமர்த்தாக வெளியே வந்தது. அன்று அக்கா கைப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஒரு வாரம்கூட ஓடவில்லை. மேனேஜர் கண்ணில் பட்டுவிட்டது. "இப்ப சும்மாதானே இருக்கீங்க" என்று மற்றத் தொழிற்சாலைகளின் கணக்கையும் அக்கா தலையில் கட்டினார். ஐந்து மணி பஸ் பழையபடி அவரை விட்டுப் போனது. "மிஷினுக்கு வெளிய வர வழி வச்சிருக்கானுங்க, நமக்கு வைக்கல பாருங்க" என்றார் அக்கா. சிரிக்கத்தான் சொன்னார்.

ஒரு நாள் காலை வந்ததும் சொன்னார்: "நேத்து ராத்திரி புள்ளைய வீட்டுக்குத் தூக்கினேன், முழிச்சிக்கிட்டா. பக்கத்து வீட்டுக்காரவங்கள அம்மான்னு கூப்பிட்டு அழுவுறா தம்பி." அன்று ஐந்து மணிக்கு, பாதி வேலை கிடக்க, எழுந்து நின்றார். திரையில் எதுவும் ஓடவில்லை. இருந்தும் அந்த இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்தினார், கைப்பையை எடுத்தார், போனார். திரும்பி வரவேயில்லை.

இப்போது அவர் மேசையும் வேலையும் எனக்குத்தான். ஸ்கிரிப்ட் தன்பாட்டில் வெளியே வந்துவிடுகிறது. கீழே மஸ்கெலியா பஸ் ஹார்ன் அடிக்கும்போது என் விரல்கள் அந்த எழுத்தழிந்த பட்டன்களின் மேல் போய் நிற்கும். என் மகன் இந்நேரம் விழித்திருப்பான். இன்னும் இரண்டு தொழிற்சாலைகளின் கணக்கு பாக்கி.