சகாதேவன் இருந்த கோதுமை விரதம்

மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மூட்டை தூக்கியே முன்னுக்கு வந்து திருவண்ணாமலையில் சொந்தமாக அரிசி மில் வைத்தேன். என் சம்சாரத்தின் தம்பி சகாதேவனோ பெரிய படிப்பு. கீழ்பென்னாத்தூரில் கணக்கு வாத்தியார். படித்ததெல்லாம் தலையோடு நின்றுவிட்டது, வயிறு வரைக்கும் இறங்கவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷத்திலிருந்து அவனுக்கு ஓயாத பேதி. பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்தி வேலிக்காத்தான் புதருக்கு ஓடுவான். "வாத்தியார் ஸ்டாப்பிங்" என்று கண்டக்டர் விசில் கொடுப்பார். ஆள் இளைத்து, சட்டை ஆணியில் மாட்டினது போலத் தொங்கியது.

இதற்கு அவன் கண்ட வைத்தியம் விரதம். முதலில் திங்கட்கிழமை. அப்புறம் கிருத்திகை, பௌர்ணமி, பிரதோஷம். நம்ம ஊரில் விரதம் என்றால் சோறு தொடமாட்டார்கள். கோதுமை ரவை உப்புமாவும் சப்பாத்தியும் மூக்கு முட்டத் தின்பார்கள். இவனும் தின்றான். விரதம் கூடக் கூடப் பேதி ஜாஸ்தியானது. பேதி ஜாஸ்தியானதால் விரதத்தைக் கூட்டினான். கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்கு மட்டும் பிடிபடவில்லை.

எண்பத்துமூணில் நான்தான் என் காரில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குழாய் விட்டுக் குடலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள்.

"கோதுமையில இருக்கிற ஒரு பசை உங்க குடலுக்கு ஆகலை. ரவை, மைதா, பன்னு எதுவும் ஆயுசுக்கும் கூடாது. தின்னுட்டே இருந்தா பின்னாடி குடல்ல கேன்சர் வர்ற வாய்ப்பும் ஜாஸ்தி. சோறு தாராளமா சாப்பிடுங்க" என்றார் டாக்டர்.

"அக்காவை அரிசி மில்லுக்காரனுக்குக் குடுத்துட்டு, அரிசியைத் தள்ளி வெச்சியேடா" என்றேன்.

"கேன்சராமே, மாமா" என்று வழியெல்லாம் புலம்பினான். அந்தப் பயம் விரத நாளில் மட்டும் லீவு எடுத்துக்கொண்டது. "சாமிக்காகச் சாப்பிடறது எப்படி மாமா கெடுதல் பண்ணும்?" என்று மறுபடி உப்புமா. உடம்பு தேறவே இல்லை.

அந்த வருஷம் கார்த்திகை தீபம். மலையில் ஜோதியைக் கும்பிட்டுவிட்டு, உப்புமா வரும் என்று இலை முன்னால் உட்கார்ந்தான். பகலெல்லாம் பச்சைத் தண்ணி குடிக்காமல் இருந்த அவன் சம்சாரம் சந்திரம்மாள், சோற்றைப் போட்டுப் பருப்பை ஊற்றினாள்.

"விரதம் போயிடும்டி."

"போவட்டும். நான் இருந்தது இருக்குதில்ல? அதுவும் உங்களுக்காக இருந்ததுதான்."

"சாமி குத்தம் வந்துடும்."

"வந்தா என் தலையில விழட்டும். கேன்சர் வந்து நீங்க போய்ச் சேந்தீங்கன்னா, அது யாரு தலையில விழும்?"

வாத்தியார் சோற்றில் கை வைத்தான். கண்ணில் தண்ணியோடு பிசைந்து வாயில் வைத்தான். மறு சோறு வாங்கினான். மூணாவது தடவை விரதப் பேச்சே இல்லை. மோர் எங்கே என்றுதான் கேட்டான்.