இரண்டாம் எண் அறையின் இரட்டைக் கதவு

என் பழைய நாட்குறிப்பு ஒன்றுக்குள் தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாள் ஒன்று இருக்கிறது. நடுவில் கொட்டை எழுத்தில் தேதி, அடியில் ராகு காலம், எமகண்டம், ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில் நட்சத்திரம்: பரணி. நட்சத்திரத்தைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம். பக்கத்தில் என் அக்காவின் கோணல் எழுத்தில் மூன்றே சொற்கள். "புத்தூரம்மா. ரெண்டு. கதவு." நாட்குறிப்பை வேறு எதற்காக எடுத்தாலும் விரல் அந்தத் தாளிடம்தான் போகிறது. பார்த்துவிட்டு மூடுகிறேன். சிறிது நேரத்தில் மறுபடியும் திறக்கிறேன்.

அக்காவுக்குத் திருத்தணியில் மலையடிவாரத்தில் பத்து அறைகள் கொண்ட ஒரு லாட்ஜ் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாவா, அதாவது அக்கா வீட்டுக்காரர், கட்டியது. பாவாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை என்பதால் லாட்ஜ் முழுக்க அக்காவின் பொறுப்பு. வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய காலண்டர்தான் அவளுடைய முன்பதிவுப் புத்தகம். யாராவது தொலைபேசியில் கூப்பிட்டு, "கிருத்திகைக்கு வர்றோம்க்கா" என்றால் போதும். அக்கா காலண்டர் தாள்களை மொத்தமாகத் தூக்கிப் பிடித்து, அந்த நட்சத்திரம் இருக்கும் தாளைத் தேடி, அதன் மேலேயே எழுதிவிடுவாள். ஆங்கிலத் தேதியை அவளும் கேட்க மாட்டாள், அவர்களும் சொல்ல மாட்டார்கள். பரணியன்று வந்து காவடி கட்டி, கிருத்திகையன்று மலையேறி, தெப்பம் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்குத் தேதி எதற்கு? பெரும்பாலோருடைய பெயரும் அவளுக்குத் தெரியாது. குரல் தெரியும். ஊரை வைத்துச் சோளிங்கரம்மா, நகரி வாத்தியார், புத்தூரம்மா.

புத்தூரம்மா லாட்ஜ் திறந்த வருஷத்திலிருந்து வந்தவள். நெசவுக் குடும்பம். ஒவ்வோர் ஆடியிலும் அந்த வீட்டிலிருந்து ஒரு புஷ்பக் காவடி வரும். விரித்த கைகளை விட அகலமான மூங்கில் வளைவு. அறைக்குள் வைத்துத்தான் பூக் கட்டுவார்கள். கட்டி முடித்தபின் அது சாதாரணக் கதவுக்குள் நுழையாது. எங்கள் லாட்ஜில் இரண்டாம் எண் அறை மட்டும் முதலில் கடைக்கென்று கட்டியது, அதனால் அதற்கு இரட்டைக் கதவு. காவடி வெளியே வரும்போது அக்கா தன் கையாலேயே மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் எடுத்து இரண்டு கதவையும் விரியத் திறப்பாள். பங்குனியில் ஒருநாள் ஏதாவது ஒரு தொலைபேசி பூத்திலிருந்து புத்தூரம்மா கூப்பிடுவாள். "பரணிக்கு வர்றோம்க்கா." "ஆங், வாம்மா." அவ்வளவுதான் முன்பதிவு. அதற்கப்புறம் ஆடி வரை பேச்சே இருக்காது.

நான் அப்போது சென்னையில் குடியிருந்தேன், ஓர் அலுவலகத்தில் வேலை. தேதிகளைக் குறித்து வைப்பது என் நெடுநாள் பழக்கம். வீட்டில் நான்கு பஞ்சாங்கங்கள் இருந்தன. இரண்டாயிரத்துக்குப் பின் ஒரு வருஷம், இணையத்தில் பயண அறைகள் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆள் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு திருத்தணிக்கு வந்தான். கிருத்திகை அல்லாத நாட்களில் பாதி அறைகள் சும்மா கிடப்பதைச் சுட்டிக்காட்டினான். அக்காவுக்கு அரைமனசு. எனக்குத்தான் பரபரப்பு. நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"திருநா நாலு நாளு மட்டும் அதுல போடாதடா. அது நம்ம ஜனங்களுக்கு" என்றாள்.

"எனக்குத் தேதி தெரியாதா?" என்றேன்.

அந்த வருஷம் ஆடியில் இரண்டு கிருத்திகைகள் வந்தன. ஒன்று மாதம் பிறந்த மூன்றாம் நாள், மற்றது முப்பதாம் நாள். நான் மிகவும் நம்பிய பஞ்சாங்கம் முதலாவதைத்தான் ஆடிக் கிருத்திகை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கோயில் இன்னும் அழைப்பிதழ் அச்சடிக்கவில்லை. அலுவலகக் கணினியின் முன் உட்கார்ந்து, இணையதளத்தின் கட்டங்களில் அதை ஒட்டிய நான்கு நாட்களை விற்பனைக்கு இல்லை என்று அடைத்தேன். மற்ற நாட்கள் எல்லாம் திறந்திருந்தன. ஒரு வார்த்தை அக்காவைக் கேட்டிருக்கலாம்.

முதல் கிருத்திகைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு காலை மின்ரயிலில் போய் இறங்கினேன். நிலையத்தில் கூட்டமே இல்லை. காவடிச் சத்தம் இல்லை. லாட்ஜில் பத்துச் சாவியும் பலகையில் தொங்கின. அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாடா இந்நேரத்துக்கு? லீவா?"

"கிருத்திகைக்குத்தான் வந்தேன். ஒருத்தரையும் காணோமே?"

அவள் சிரித்தாள். "நாலு பஞ்சாங்கம் வெச்சிகினு கீறவன் பேச்சப் பாரு! இது மாசக் கிருத்திகைடா. நம்மூருக்கு இந்தத் தபா பின்னாடி வர்றதுதான். தையிலேயே மடப்பள்ளி ஐயரக் கேட்டுட்டேன்." ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு காலண்டர் தாள்களைத் தூக்கிக் காட்டினாள். மாதக் கடைசியில், நீல வட்டத்துக்குப் பக்கத்தில்: புத்தூரம்மா. ரெண்டு. கதவு. அதே தாளில் இன்னும் ஒன்பது ஊர்கள். நான் நின்ற இடத்திலிருந்து அந்த ஆணி கைக்கெட்டும் தூரம்.

அடுத்த மின்ரயிலில் சென்னைக்குத் திரும்பினேன். உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தேன். கணினியைத் திறந்து பார்த்தபோது உண்மையான பரணிக்கும் கிருத்திகைக்கும் பத்து அறைகளும் விற்றுப் போயிருந்தன. சனி ஞாயிறை ஒட்டி வந்ததால் சென்னையிலிருந்து யார் யாரோ எடுத்திருந்தார்கள்.

இடையில் இருந்தவை இருபத்தேழு நாட்கள். முதல் நான்கு நாட்கள் அக்காவிடம் சொல்லவில்லை. அலுவலகத் தொலைபேசியிலிருந்து நிறுவனத்தைக் கூப்பிட்டபடியே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டு, அப்புறம் ஒரு பெண் குரல். "சாரி சார், நீங்களா கேன்சல் பண்ண முடியாது." "அவங்க நம்பரையாவது குடுங்கம்மா, நானே பேசிக்கிறேன்." "கஸ்டமர் நம்பர் குடுக்க மாட்டோம் சார்." அந்தப் பெண்ணின் மீது குறையில்லை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. நான்தான் படிக்காமல் கையெழுத்துப் போட வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் அக்காவிடம் சொன்னேன். காலண்டர் தாள்கள் புரளும் சத்தம் தொலைபேசியில் கேட்டது. பிறகு, "சரி, போனை வெய்யி. நான் ஒவ்வொருத்தராப் பாக்கறேன்" என்றாள்.

அவள் எப்படியோ ஒன்பது குடும்பங்களைப் பிடித்துவிட்டாள். பக்கத்து வீட்டு எண், மளிகைக் கடை எண், மகள் வீட்டு எண் என்று தேடித் தேடி, சத்திரத்திலும் தெரிந்தவர்கள் வீட்டிலும் இடம் பார்த்துக் கொடுத்தாள். மிஞ்சியது புத்தூரம்மா ஒருத்திதான். அவளுடைய எண் மட்டும் அக்காவிடம் இல்லை. எப்போதும் வேறு வேறு பூத்திலிருந்து அவள்தான் கூப்பிடுவாள். இணையத்தில் எடுத்தவர்களின் எண்ணை நிறுவனம் மறைத்தது. வாய்ச் சொல்லாகச் சொன்னவளின் எண்ணை அக்கா கேட்டதே இல்லை. சொன்ன சொல்லைச் சரிபார்க்க எதற்கு எண் என்று அக்காவும் அவளும் நினைத்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் புத்தூருக்கே போனேன். பேருந்து நகரியைத் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. பேருந்து நிலையத்து டீக்கடையில் விசாரித்தேன். அந்த ஊருக்குத் தெரியாத ஆட்கள் வந்தால் எலும்புக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளத்தான் வருவார்கள்.

"கையா சார், காலா? நல்லாத்தான நிக்கறீங்கோ?" என்றார் கடைக்காரர்.

"ஒருத்தரைத் தேடி வந்தேன். திருத்தணிக்கு வருஷா வருஷம் புஷ்பக் காவடி எடுக்கிற அம்மா. நெசவு வீடு."

"பேரு?"

"தெரியாது."

"வூட்டுக்காரர் பேரு?"

"அதுவும்..."

அவர் கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "இங்க தெருவுக்கு நாலு காவடி போவுது சார். எல்லாமே நெசவு வூடுதான். நீங்க இன்னா, ஆள் புடிக்க வந்தீங்களா?" பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான்கு தெரு நடந்தேன். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தறி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று கேட்கும்போது தறியை நிறுத்தி வெளியே வந்தார்கள். நான் தேடிய முகம் எதிலும் இல்லை. எனக்கே அந்த முகம் சரியாக நினைவில்லை என்பது ஆறாவது வாசலில்தான் உறைத்தது. அடுத்த ஞாயிறும் போனேன்.

பரணியன்று காலை கூரையில் மூங்கில் வளைவைக் கட்டிய ஒரு வேன் லாட்ஜ் வாசலில் நின்றது. அந்த வருஷம் காவடி முன்னெப்போதையும் விடப் பெரிது, பேரன் பிறந்திருந்தான். இரண்டாம் எண் அறையில் சென்னை இளைஞர்கள் மூன்று பேர் முதல்நாளே வந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா போய்க் கதவைத் தட்டி, தன் வீட்டு மாடியில் இடம் தருகிறேன் என்று கெஞ்சினாள். "கீழ் ரூம்னுதான் போட்டோ பாத்து எடுத்தோம் ஆன்ட்டி, பேப்பர் இருக்கு பாருங்க" என்று மரியாதையாகவே சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அக்கா வாசலுக்கு வந்தாள். "ரூம் இல்லம்மா. தப்பு என்னுது."

புத்தூரம்மா முதலில் அதை விளையாட்டென்றுதான் எடுத்துக்கொண்டாள். "சும்மா சொல்லாதக்கா. பங்குனிலயே சொன்னேனே." பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "இத்தினி வருசமா வாய் வார்த்ததான். ஒரு தபா கூடத் தப்பலியேக்கா" என்றாள். கோபமே இல்லாமல், தனக்குத்தானே கணக்குச் சரிபார்ப்பதைப் போல.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரை வந்தது. அக்கா ஒரு பார்வை பார்த்தாள். அது சொல்லாதே என்ற பார்வையா, சொல்லேன் என்ற பார்வையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சொல்லவில்லை. அவர்கள் அக்காவின் வீட்டில் குளித்துவிட்டு, பின்பக்கம் ஜெனரேட்டர் ஷெட்டில் டீசல் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டினார்கள். காவடி என்னைக் கடந்து போகும்போது மல்லிகையோடு டீசல் வாடையும் வந்தது.

அடுத்த வருஷம் பங்குனியில் அழைப்பு வரவில்லை. சித்திரையிலும் வரவில்லை. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அக்கா கை வேலையை விட்டுவிட்டு ஓடினாள் என்று பாவா சொன்னார். நான் இரண்டாம் எண் அறையைத் திருநாள் முழுவதற்கும் இணையத்தில் அடைத்து வைத்தேன். இந்தத் தடவை அக்காவைக் கேட்டு, கோயில் அழைப்பிதழையும் பார்த்து. மீதி ஒன்பதில் சிலவற்றை விற்க அக்காவே சொல்லிவிட்டாள். ஜனங்கள் பாதிப்பேர் இப்போது அதிலேயே பார்க்கிறார்கள் என்றாள்.

பரணியன்று மதியம் தெரு நிரம்பி வழிந்தது. வந்தவர்கள் எல்லாம் அறை கேட்டார்கள். இரண்டாம் எண் சாவியை அக்கா பலகையில் மாட்டாமல் உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள். "யாருக்குக்கா வெச்சிகினு கீற?" என்று கேட்டவர்களுக்கு, "வருவாங்க" என்றாள். வேன் வந்து நின்றது. அக்கா எழுந்து சாவியை நீட்டிக்கொண்டே படியிறங்கினாள். "வாம்மா. கழுவி உட்டு வெச்சிகீறேன்."

புத்தூரம்மா சாவியை வாங்கவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். "பெங்களூர்ல கீற பையன் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தான்க்கா. இந்தத் தபா பேப்பர் கீது."

அக்கா அதை வாங்கி மெதுவாகப் படித்தாள். அத்தனை வருஷத்தில் அந்தப் பெண்ணின் பெயரை அவள் அன்றுதான் தெரிந்துகொண்டாள். மடித்துத் திருப்பிக் கொடுத்து, "சரிம்மா. பேப்பருக்கும் ரெண்டாம் நம்பர்தான்" என்றாள். இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே பூக் கட்டி முடித்து அரோகரா சொன்ன சத்தம் கேட்டதும் அவளே போய்ப் பழக்கப்படி மேல் தாழ்ப்பாளை எடுத்தாள், குனிந்து கீழ்த் தாழ்ப்பாளையும் எடுத்தாள்.

"ஒரு கதவு போதும்க்கா" என்றாள் புத்தூரம்மா. "எந்த ரூமுன்னு பேப்பர்ல போடலியே. மாடியக் குடுத்துட்டா படில எறக்கணுமே. அதான் சின்னதாக் கட்டிகினு வந்தேன்."

காவடி ஒற்றைக் கதவு வழியாக எங்கும் இடிக்காமல் வெளியே வந்தது. அக்கா மற்றக் கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு அதைச் சாத்தித் தாழிட்டாள்.

போன மாதம் ரயிலில் உட்கார்ந்தபடியே கைபேசியில் மதுரைக்கு ஓர் அறை எடுத்தேன். உறுதி என்று பச்சை எழுத்து வந்தது. மனசு ஒப்பாமல் அந்த விடுதியையே கூப்பிட்டு, "வர்றோம், சொல்லி வைக்கிறேன்" என்றேன். "சிஸ்டத்துல இருக்கு சார், எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றார் அங்கிருந்தவர். சும்மாதான் என்று சொல்லி வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைத் திறந்தேன். தாளில் இருப்பது நான் தப்புச் செய்த வருஷத்துப் பரணி அல்ல, அதற்கு அடுத்த வருஷத்தினுடையது. யாரும் கூப்பிடாமலே, யாரும் கேட்காமலே அக்கா எழுதியது. புத்தூரம்மா. ரெண்டு. கதவு.