தாலிக் குண்டை எடுத்த கை

சில வருடங்களுக்கு முன்பு, ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது இது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, ஹிப்னோதெரபி தொழிலை அப்போதுதான் தொடங்கியிருந்தேன். வருகிறவர்களில் பாதிப்பேர் ஏதோ மாந்திரீகம் என்று நினைத்து, படியேறியதும் எலுமிச்சம்பழத்தைத் தேடுவார்கள். யாரையும் மயக்குவதில்லை, கண்ணை மூடி, உடம்பைத் தளரவிட்டு, மனதை ஓரிடத்தில் நிறுத்தப் பழக்குகிறேன். தூக்கமின்மை, பயம் போன்றவற்றுக்கு டாக்டர் வைத்தியத்தோடு இதுவும் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலித்துவிடும்.

அன்று மதியம் ஓர் அம்மாவும், ஆடிக்குத் தாய்வீடு வந்திருந்த புதுமணப்பெண்ணான மகளும் வந்தார்கள். பதினெட்டாம் பெருக்கன்று வீட்டில் தாலி பிரித்துக் கோர்த்திருக்கிறார்கள். கல்யாணத்தில் கட்டிய மஞ்சள் கயிற்றைக் கழற்றிவிட்டு, தாலியோடு தங்கக் குண்டுகளையும் சேர்த்துப் புதுக்கயிற்றில் கோர்க்கும் சடங்கு. தட்டில் வைத்தது இரண்டு குண்டு. கோர்க்கும்போது ஒன்றைக் காணோம். தவளக்குப்பத்திலிருந்து மாமியாரும் நாத்தனாரும் அதற்கென்றே வந்திருந்தார்கள். வீடு முழுக்கப் பெருக்கித் தேடியும் கிடைக்கவில்லை. அபசகுனமோ என்ற பயம், யார் எடுத்திருப்பார்கள் என்ற யோசனை, இரண்டும் சேர்ந்து அந்தப் பெண்ணுக்குத் தூக்கமே போய்விட்டது.

"டாக்டரம்மா, இவள மயக்கி, அன்னிக்கு யாரு எடுத்தாங்கன்னு கேளுங்க. பேரு மட்டும் தெரியட்டும், மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார் அம்மா.

நான் டாக்டரும் இல்லை, துப்பறிகிறவளும் இல்லை, தூங்குவதற்கு வேண்டுமானால் வழி சொல்லித் தருகிறேன் என்றேன். அரைமனதாகச் சம்மதித்து வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

பெண் கண்ணை மூடினாள். மூச்சு சீரானது. உனக்குப் பிடித்த ஓர் இடத்தை நினைத்துக்கொள் என்றேன். அவளோ நேராகத் தன் வீட்டுக் கூடத்துக்கே போய்விட்டாள். "தட்டு தெரியுதுக்கா. ஒரு கை வருது. பச்ச வளையல். நாத்தனாரு கை. குண்ட எடுத்து முந்தானையில முடிஞ்சிக்கறா."

நான் தடுப்பதற்குள் கண்ணைத் திறந்து, "யம்மா!" என்று வெளியே ஓடிப் போய், கண்டதைச் சொன்னாள். "நான் அப்பவே நெனச்சேன்" என்று அம்மா சம்பந்தி வீட்டு நம்பரைத் தேட ஆரம்பித்தார். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. இந்த ஒரு போன் போதும், ஆவணி பிறந்தாலும் இந்தப் பெண் புகுந்த வீட்டுப் படி ஏற முடியாது. அதுவும் என் அறையில் உட்கார்ந்து கண்ட ஒரு காட்சியால்!

"அஞ்சு நிமிஷம் குடுங்கம்மா. அப்பறம் யாருக்கு வேணாலும் போன் போடுங்க" என்று கெஞ்சாத குறையாக இருவரையும் உள்ளே கூட்டி வந்தேன். பெண்ணை மறுபடி கண்ணை மூடச் சொன்னேன். அதே கூடம், அதே தட்டு. இப்போது உன் அம்மாவின் கை வருகிறது, அது என்ன செய்கிறது பார் என்றேன்.

அவள் முகம் சுருங்கியது.

"அம்மா கைதான். எண்ணெ தெறிச்ச தழும்பு தெரியுது. குண்ட எடுத்து... இடுப்புல சொருவிக்கறாங்க."

"அடிப்பாவி! பெத்தவளயே திருடின்றியா?" என்று எழுந்தே விட்டார் அம்மா.

பெண் கண்ணைத் திறந்தாள். முதலில் கண்ட காட்சியும் இதுவும் எப்படி இருந்தன என்று கேட்டேன். "ரெண்டும் ஒரே மாரிதாங்க்கா இருந்துது" என்றவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

உன் அம்மா கையை உள்ளே கொண்டு வந்தது என் வார்த்தை, நாத்தனார் கையைக் கொண்டு வந்தது உன் பயம் என்று விளக்கினேன். மனம் தளர்ந்திருக்கும்போது நினைப்பதெல்லாம் நடந்ததுபோலவே தெரியும் என்று எனக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். அதை நேரில் கண்டது அன்றுதான். அம்மா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சந்தேகம் முழுதாகப் போயிருக்காது. ஆனாலும், பார்த்தேன் என்று இனி அவர்களால் அடித்துச் சொல்ல முடியாது.

அந்தப் பெண் இன்னும் இரண்டு முறை வந்தாள். தூக்கம் திரும்பியது. வேறு குண்டு வாங்கிக் கோர்த்துக்கொண்டு ஆவணியில் புகுந்த வீட்டுக்குப் போனாள். தொலைந்தது கிடைக்கவே இல்லை.

அடுத்த வருடம், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் வந்தாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததிலிருந்து வண்டியைத் தொடவே பயமாம். யார் சொல்லி வந்தாய் என்று கேட்டேன்.

"எங்க அண்ணிதாங்க்கா. போன ஆடியில அவங்களுக்குத் தூக்கமே வரலயாம், நீங்கதான் சரி பண்ணீங்களாம். தவளக்குப்பத்துலேர்ந்து அவங்கதான் வண்டியில இட்டுனு வந்தாங்க. கீழ நிக்கறாங்க."

அன்று பழி விழுந்த நாத்தனார் இவள்தான். ஒருவர் என்னிடம் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வது இந்தத் தொழிலில் கூடாது. இவளிடம் எதையும் கேட்கவும் முடியாது, கேட்கத் தோன்றவும் இல்லை. தன் தலைக்கு மேல் ஒரு பழி வந்து போனதே தெரியாமல் அவள் நாற்காலியில் சாய்ந்து, என்னை நம்பிக் கண்ணை மூடினாள்.

குண்டை யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அண்ணியும் நாத்தனாரும் ஒரே வண்டியில் சிரித்துப் பேசிக்கொண்டு திரும்பிப் போனதை மாடியிலிருந்து பார்த்த பிறகு, அது தெரியாமலே போனதுதான் நல்லது என்று நினைத்துக்கொள்கிறேன்.